பதினைந்து கஜத்துக்குள் வரும் வேட்டை: ரிகர்வ், லாங்போ வைத்திருப்பவர் வெளிமாநில வேட்டையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். ரிகர்வ் வில் (நுனிகள் வெளிப்பக்கம் வளைந்தது; லாங்போ நீண்ட நேரான வில்; இரண்டுமே கப்பி இல்லாத மரபு வில்கள்) வாங்கி எட்டு மாதம் ஆகிறது, இங்கே வட கரோலினாவிலேயே ஒரு பெட்டை மான் அடித்திருக்கிறார். “அண்ணா, அடுத்த செப்டம்பர்ல கொலராடோ போய் எல்க் அடிக்கலாம்னு இருக்கேன். எந்த யூனிட் நல்லாருக்கும்?” என்றார். எல்க் என்பது பெரிய மான் இனம்; யூனிட் என்பது மாநிலம் வேட்டைக்காகப் பிரித்துவைத்த பகுதி. முதல் முறை வெளிமாநிலம் கிளம்பியபோது நானும் இதைத்தான் கேட்டேன். எந்த மாநிலம், எந்த யூனிட், கொம்பு எவ்வளவு பெரிசு. என் வில்லுக்கு எட்டும் தூரத்துக்கு மிருகம் வருகிற வேட்டை எது என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் பயணத்துக்கு, வேட்டைக்கு இடமும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்து தரும் ஒரு அவுட்ஃபிட்டரிடம் பணம் கட்டியிருந்தேன். வில்லோடு வருகிறேன் என்றதும், “எங்களிடம் வில்காரர்கள்தான் அதிகம்” என்றார். எல்க் புரளும் சேற்றுக்குழி ஒன்றைப் பார்த்தபடி பரண் கட்டியிருந்தது. நாலாம் நாள் சாயங்காலம் பக்கத்துக்கு ஆறு கிளைக் கொம்போடு ஒரு காளை எல்க் வந்து அந்தச் சேற்றில் முன்னங்கால் மடித்துப் படுத்தது. எழுந்தபோது வயிற்று மயிரிலிருந்து சேறு சொட்டியது தெரிந்தது. தூரம் 34 கஜம். கப்பி வைத்த நவீன காம்பவுண்ட் வில்காரருக்கு அது சாதாரணத் தூரம். நான் நாணைத் தொடவே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், அது போய்விட்டது. பரண் கட்டியவர் மேல் தப்பில்லை. குழிக்கும் பரணுக்கும் எத்தனை கஜம் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அதனால் இந்தக் கட்டுரையில் மாநிலம் மூன்றாவதாகத்தான் வரும். முதலில் உங்கள் தூரம், அப்புறம் அந்தத் தூரத்துக்கு வரும் மிருகம், அதற்குப் பிறகு மாநிலம்.

உங்கள் தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

காம்பவுண்ட் வில்லில் நாணை முழுக்க இழுத்ததும் கப்பிகள் பாரத்தை வாங்கிக்கொள்ளும். 70 பவுண்டு வில்லை இழுத்துவிட்டு 15 பவுண்டு அளவுக்குத் தாங்கினால் போதும். மிருகம் திரும்பும்வரை காத்திருக்கலாம், வில்லில் பொருத்திய ஊசியை வைத்துக் குறி பார்க்கலாம். ஹோலிஸ் வில்பர் ஆலன் அந்தக் கப்பி வில்லுக்குக் காப்புரிமை பெற்றது 1969இல். நம்முடையது அதற்கு முந்தைய வில். 50 பவுண்டு என்றால் கடைசி நொடிவரை 50 பவுண்டுதான். குறி ஊசியும் இல்லை. கண்ணும் கையும் பழகியதுதான் குறி.

எனவே வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். எட்டு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை இலக்கில் குத்துங்கள். காலையில் எழுந்து, கை சூடாகும் முன், ஒரே ஒரு அம்பு. அன்றைக்கு அவ்வளவுதான் கணக்கு. காட்டில் உங்களுக்குக் கிடைக்கப்போவதும் அந்தக் குளிர்ந்த முதல் அம்புதான். ஐம்பது அம்பு எய்து கை பழகிய பிறகு வரும் குறி அங்கே உதவாது. பத்து நாளில் பத்தும் தட்டுக்குள் விழுகிற தூரம் எதுவோ, அதுதான் உங்கள் வேட்டைத் தூரம். முதல் வருடத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது 12 முதல் 18 கஜத்துக்குள் நிற்கும். என்னுடையது இப்போதும் 18தான்; அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

எல்க்கின் நெஞ்சு பெரியதுதானே, கொஞ்சம் தள்ளி அடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். 50 பவுண்டு ரிகர்விலிருந்து கனமான அம்பு நொடிக்கு 170, 180 அடி வேகத்தில் போகும். 30 கஜம் என்பது 90 அடி, அதற்கு அரை நொடி பிடிக்கும். நாண் சத்தம் கேட்டு மான் குனிந்து பாய்வதற்கு அரை நொடி தாராளம். பதினைந்து கஜத்தில் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. காயத்தோடு ஓடிய மிருகத்தைத் தேடி டார்ச்சோடு இரவு முழுக்க அலைந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

நெருங்கி அடிப்பது இந்த வேட்டையின் வேரிலேயே இருக்கிறது. 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வந்து சேர்ந்த இஷி என்ற யாஹி இனத்தவரிடம்தான் மருத்துவர் சாக்ஸ்டன் போப் வில் கற்றுக்கொண்டார். இஷி உதட்டில் விரல் வைத்து முத்தமிடுவது போல ஓசை எழுப்பி முயலைப் பக்கத்தில் வரவழைப்பாராம். போப்பும் அவருடைய நண்பர் ஆர்தர் யங்கும் அந்த வில் வேட்டையை நாடறியச் செய்தார்கள். 1961இல் தொடங்கிய போப் அண்ட் யங் கிளப்புக்கு அவர்கள் பெயர்தான்.

எந்த மிருகம் உங்கள் பக்கத்தில் வரும்?

முதல் வெளிமாநிலப் பயணத்துக்கு நான் சொல்வது டெக்ஸஸ் காட்டுப்பன்றி. கொம்பு இல்லை, சுவரில் மாட்ட ஒன்றுமில்லை, சரி. ஆனால் மூன்று நாளில் பத்துப் பதினைந்து முறை பன்றிகள் உங்கள் பரணுக்குக் கீழே வரக்கூடிய இடம் அது. சோளம் போட்டு வரவழைப்பது அங்கே சட்டப்படி சரி. 2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி அடிக்க லைசென்ஸே தேவையில்லை, வெளிமாநிலத்தவருக்கும் சேர்த்துத்தான். மிருகம் பக்கத்தில் நிற்கும்போது எப்போது வில்லைத் தூக்குவது, நெஞ்சு படபடக்கும்போது நாணை எப்படி முழுக்க இழுப்பது என்பதை வேறு எங்கும் இவ்வளவு மலிவாகக் கற்க முடியாது.

அடுத்தது, என் மனத்துக்கு மிக நெருக்கமானது, வயோமிங்கின் பிராங்ஹார்ன், இரலை போன்ற கொம்புள்ள விலங்கு. வட அமெரிக்காவிலேயே வேகமாக ஓடும் விலங்கு, கண் பார்வையோ மகா கூர்மை. திறந்த வெளியில் 15 கஜத்துக்கு ஊர்ந்து போவதை மறந்துவிடுங்கள். ஆனால் அங்கே வில் பருவம் பல பகுதிகளில் ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிடுகிறது. வெயில் கொளுத்தும், புல் காய்ந்திருக்கும், மாட்டுக்கு வைத்த தண்ணீர்த் தொட்டிக்கு வந்தே ஆக வேண்டும். தொட்டிப் பக்கத்தில் மறைப்புக் கூடாரம் போட்டு விடியலிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார வேண்டும். இங்கே ஆட்கள் இதை ப்ளைண்ட் என்பார்கள்.

அந்தக் கூடாரத்துக்குள் நான் செய்த தவறை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ரிகர்வ்காரர் எல்லோரும் ஒருமுறையாவது செய்வது. காலை பத்து மணி இருக்கும். மூன்று பெட்டையும் ஒரு ஆணும் வந்து தொட்டியில் வாய் வைத்தன. 14 கஜம். தண்ணீரை உறிஞ்சும் சத்தம் தெளிவாகக் கேட்டது. மெல்ல வில்லைத் தூக்கி நாணைப் பாதி இழுத்திருப்பேன், வில்லின் மேல் நுனி கூரைத் துணியில் உரசி ‘சர்’ என்றது. நான்கு தலையும் ஒன்றாக நிமிர்ந்தன. அடுத்து நான் பார்த்தது புழுதி. என்னுடையது 60 அங்குல வில். கூடாரத்தின் உயரத்துக்கும் ஸ்டூலின் உயரத்துக்கும் அது பொருந்தவே இல்லை. அன்று இரவு ஸ்டூல் கால் வைக்கும் இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி இறக்கினேன், வில்லைச் சாய்த்துப் பிடித்து இருபது முறை அம்பில்லாமல் பாதி இழுத்து, துணியில் படாமல் மெல்லத் திரும்ப விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் அதே தொட்டியில் ஒரு ஆண் வந்தது. அம்பு இரண்டு விலாவையும் கடந்து எதிர்ப்பக்க மண்ணில் குத்தி நின்றது. நூறு கஜம் ஓடுவதற்குள் விழுந்துவிட்டது.

ஆகவே கூடார வேட்டை என்றால் 54, 56 அங்குல வில் நல்லது. கிளம்பும் முன் வீட்டுக் கொல்லையில் அதே கூடாரத்தைப் போட்டு, அதே ஸ்டூலில் உட்கார்ந்து பழகுங்கள். உள்ளே கறுப்புச் சட்டை போடுங்கள், ஜன்னலிலிருந்து தள்ளி உட்காருங்கள். அப்புறம், கிளம்பும் வாரம் மழை பெய்ததா என்று பாருங்கள். பள்ளமெல்லாம் தண்ணீர் நின்றால் தொட்டிக்கு எதுவும் வராது.

கறுப்புக் கரடியும் மரபு வில்லுக்குப் பொருத்தம். இரை வைத்து வரவழைக்க அனுமதி உள்ள மாநிலங்களில், உதாரணமாக மெய்னிலும் ஐடஹோவின் பல பகுதிகளிலும், பரணுக்கும் இரைப் பீப்பாய்க்கும் 12 கஜம் என்று நீங்களே சொல்லிக் கட்டவைக்கலாம். மெய்னில் இது ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். கொலராடோவில் இரை வைப்பது 1992 வாக்கெடுப்பிலிருந்து தடை. ஒன்று கவனியுங்கள்: கரடியின் அடர்ந்த மயிரும் கொழுப்பும் இரத்தத்தை வாங்கிக்கொள்ளும், தரையில் தடம் குறைவாகவே விழும். அதனால் அம்பு மறுபக்கம் வெளியே வந்தே ஆக வேண்டும். முன்னங்கால் முன்னே நீட்டி, உடம்பு சற்று விலகித் திரும்பி நிற்கும்வரை பொறுத்திருங்கள்.

நடந்து தேடி அடிக்க ஆசையா? அரிசோனாவின் ஜாவலீனா. பன்றி மாதிரி இருக்கும், 40, 50 பவுண்டு எடை, கூட்டமாக மேயும். கண் மங்கல், மூக்கு கெட்டி. காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி வந்தால் சப்பாத்திக் கள்ளிக்கு நடுவே பத்துக் கஜம்வரை நெருங்கிவிடலாம். வில் பருவம் ஜனவரியில். ஊரெல்லாம் பனியில் கிடக்கும்போது பாலைவனத்தில் நடப்பது தனி சுகம்.

வெள்ளைவால் மானுக்கு ஒஹையோவும் மிசூரியும் நல்ல தொடக்கம், வெளிமாநிலத்தவரும் டேக்கை (ஒரு மிருகம் அடிப்பதற்கான அனுமதிச் சீட்டை) நேராக வாங்கிவிடலாம். அயோவாவின் கொம்புகளைப் பார்த்து மயங்க வேண்டாம்; அங்கே டேக் கிடைக்க நாலைந்து வருடம் குலுக்கலுக்கு விண்ணப்பித்துப் பாயின்ட் சேர்க்க வேண்டியிருக்கும்.

இனி எல்க். செப்டம்பரில் இணை தேடும் பருவத்தில், பெட்டையின் குரலில் கூப்பிட்டால் காளை 15 கஜத்துக்கு வந்து நிற்கும், நடக்கிற காரியம்தான். ஆனால் அரசு நிலத்தில் வழிகாட்டி இல்லாமல் வில்லோடு போகும் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் எல்க் கிடைக்கிறது, அந்தப் பத்துப் பேரில் பெரும்பாலோர் கையில் காம்பவுண்ட். 10,000 அடி உயரத்தில் மூச்சு வாங்கும். அடித்துவிட்டாலோ, எலும்பு நீக்கிய கறியே 200 பவுண்டுக்கு மேல். இருவராகப் போனாலும் முதுகில் சுமந்து இரண்டு மூன்று நடை நடக்க வேண்டும். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. மூன்றாவது அல்லது நான்காவது பயணமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அந்தத் தம்பியிடமும் சொன்னேன்.

டேக்கும் குலுக்கலும்

அமெரிக்காவில் வேட்டை மாநிலங்களின் கையில் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் லைசென்ஸ் பக்கத்து மாநிலத்தில் செல்லாது. வெளிமாநிலத்தவருக்குக் கட்டணமும் பல மடங்கு. லைசென்ஸ் என்பது வேட்டையாட, டேக் என்பது ஒரு மிருகத்துக்கு. சில டேக்குகளை நேராக வாங்கலாம், சிலவற்றுக்குக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். கிடைக்காத வருடங்களுக்குப் பல மாநிலங்கள் பாயின்ட் கொடுக்கும், அதைச் சேர்த்துக்கொண்டே போனால் வாய்ப்பு கூடும். நியூ மெக்சிகோவில் பாயின்டே கிடையாது, எல்லோரும் ஒவ்வொரு வருடமும் புதிதாக நிற்கிறார்கள். அங்கே குலுக்கல் டேக்குகளில் 84 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு, 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு. தனியாக வரும் வெளிமாநிலத்தவருக்கு மீதி 6.

நாள்காட்டியில் இப்போதே குறியுங்கள்: அரிசோனா எல்க், பிராங்ஹார்னுக்குப் பிப்ரவரி; நியூ மெக்சிகோவுக்கு மார்ச்; கொலராடோவுக்கு ஏப்ரல் முதல் வாரம்; வயோமிங் பிராங்ஹார்னுக்கு ஜூன் தொடக்கம்; அரிசோனா ஜாவலீனாவுக்கு அக்டோபர். நாள் வருடத்துக்கு வருடம் ஓரிரு நாள் நகரும், விதிகளும் மாறும். பழைய கட்டுரைகளை நம்ப வேண்டாம். கொலராடோவில் வில் எல்க் டேக்கைக் கடையில் வாங்கலாம் என்று பழைய கட்டுரைகள் எல்லாம் சொல்லும். 2025 முதல் மாநிலத்தின் பெரும்பகுதியில் வெளிமாநிலத்தவர் அதற்கும் குலுக்கலில்தான் நிற்க வேண்டும். அந்தந்த மாநில வனவிலங்குத் துறையின் அந்த வருடக் கையேட்டைப் படியுங்கள்.

சட்டத்தில் நமக்கு முக்கியமானவை

வேட்டைக்கல்விச் சான்று வாங்கியிருந்தால் எல்லா மாநிலமும் ஏற்கும். ஆனால் மொன்டானா, ஐடஹோ போன்ற இடங்களில் வில் பருவத்துக்கு, முன்பு வில் லைசென்ஸ் வாங்கியதற்குச் சான்று இல்லையென்றால், வில் வேட்டைக்கல்வி தனியாக வேண்டும். வில்லின் பாரத்துக்கும் குறைந்தபட்ச அளவு உண்டு. கொலராடோவில் 35 பவுண்டு போதும், வயோமிங்கில் எல்க்குக்கு 50 பவுண்டு கேட்பார்கள். 45 பவுண்டு லாங்போவோடு எல்க் கனவு காண்பவர் இதை முதலில் பார்க்க வேண்டும். வயோமிங்கில் இன்னொன்று: கூட்டாட்சி அரசு வனாந்தரமாக அறிவித்த பகுதிகளில், வெளிமாநிலத்தவர் வழிகாட்டியோ உரிய அனுமதி பெற்ற உள்ளூர்க்காரரோ துணையில்லாமல் பெரிய விலங்கு வேட்டையாடக் கூடாது. வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் நடக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: எங்களுக்கு இதெல்லாம் அனுமதியா? துப்பாக்கிக்குத்தான் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்த விசாக்காரர்களுக்குத் தடையும், அதற்குச் சில விலக்குகளும் இருக்கின்றன. வில் அந்தச் சட்டத்துக்குள் வராது. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு வேட்டை என்றாலே திருட்டு வேலை போல உறுத்தும். அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. இங்கே நீங்கள் கட்டும் லைசென்ஸ் பணமும், 1937 சட்டத்தின் வழியில் வில், அம்பு விலையோடு சேர்ந்து வரும் வரியும் மாநில வனவிலங்குத் துறைகளின் வழியே பெரும்பாலும் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகின்றன.

அவுட்ஃபிட்டரிடம் கேட்க வேண்டியது

தனியாகப் போக நேரமோ தெம்போ இல்லையென்றால் அவுட்ஃபிட்டர் நல்ல வழி. பணம் கட்டும் முன் போனிலேயே கேளுங்கள், அப்புறம் எழுத்திலும் வாங்குங்கள். “நான் ரிகர்வ்காரன், எனக்கு 15 கஜம். போன வருடம் ரிகர்வோ லாங்போவோ கொண்டுவந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் இரண்டு பேரோடு நான் பேச முடியுமா?” உடனே நம்பர் கொடுத்தால் நல்ல ஆள். “வில்காரர்கள் வருவார்கள்” என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் காம்பவுண்டைத்தான் சொல்கிறார்.

பிறகு பரணைப் பற்றி: தடத்திலிருந்து எத்தனை கஜம், எனக்காக நகர்த்திக் கட்டுவீர்களா, பரணில் நின்று வில்லை இழுக்கும்போது மேல் நுனியும் கீழ் நுனியும் கிளையில் இடிக்குமா. கூடாரம் என்றால் உள்ளே எவ்வளவு உயரம். அம்பு பட்டு ஒரு துளி இரத்தம் வந்தால், மிருகம் கிடைக்காவிட்டாலும் அதோடு வேட்டை முடிந்தது என்ற விதி பல இடங்களில் உண்டு. அது நியாயமான விதி, தெரிந்துகொண்டு போங்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் டிப்ஸ், கறி வெட்டும் கூலி, டேக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் சொன்ன விலைக்கு வெளியே. “வெற்றி விகிதம்” சொன்னால், அதில் துப்பாக்கி, காம்பவுண்ட் எல்லாம் கலந்திருக்கிறதா என்று பிரித்துக் கேளுங்கள்.

கொண்டுபோவதும் கொண்டுவருவதும்

மூன்று துண்டாகக் கழற்றும் ரிகர்வ் சாதாரண சூட்கேஸில் அடங்கும். வில்லும் அம்பும் விமானத்தில் செக்-இன் பையில்தான் போக வேண்டும், கைப்பையில் விட மாட்டார்கள். நாண் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டுமே ஏற்கெனவே பூட்டி எய்து பழகியதாக இருக்கட்டும். அம்பு கனமாக இருக்கட்டும். வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 கிரெய்ன் (அம்பின் எடையைச் சொல்லும் சிறிய அளவை) என்பது பழைய கணக்கு, 50 பவுண்டுக்கு 500. முனை நிலைத்த இரண்டு அலகு கொண்டது, முன்கை மயிரைச் சிரைக்கும் அளவுக்குக் கூர். விரியும் முனைகள் நம் வில்லின் பலத்துக்கு ஆகாது.

மான், எல்க் இனங்களில் பரவும் சிடபிள்யூடி என்ற நோய் 1967இல் கொலராடோவில் முதலில் தென்பட்டு, இன்று 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. அதனால் மூளை, முதுகுத்தண்டோடு முழு உடலை மாநில எல்லை தாண்டிக் கொண்டுவரப் பல மாநிலங்கள் தடை விதித்திருக்கின்றன. நீங்கள் கடந்து வரும் மாநிலங்களின் விதியையும் பாருங்கள். எலும்பு நீக்கிய கறியாக, ஐஸ் பெட்டியில் உருகிய தண்ணீர் படாமல் கொண்டுவாருங்கள். நோய் உள்ள பகுதியில் அடித்த மானோ எல்க்கோ என்றால் கிளம்பும் முன் அங்கேயே பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை அந்த மிருகத்தின் கறியை மற்றதோடு கலக்காமல், மேலே டேக் எண்ணும் தேதியும் எழுதி, ஃப்ரீசரில் தனி மூட்டையாக வையுங்கள்.